தாய்மாமன் முறை

பிள்ளைகளா, நீங்கள் வளர்ந்த இந்த ராஜபாளையம் வீட்டை நான் கோர்ட்டுக்குப் போய்த்தான் திரும்ப வாங்கினேன். வேலைக்காகச் சேத்தூரில் குடியேறியபோது இதை மில் தொழிலாளி ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். நல்ல மனுஷர். உங்கள் அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. அதனால் மூத்தவளே, உனக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உன்னை உட்கார வைத்தோம். முறைக்காரரிடம் ரசீது என்ன என்று வாடகைக்கு ரசீதும் கொடுத்ததில்லை.

பிறகு சேத்தூர் வீட்டுக்காரர், தன் மகனுக்குக் கல்யாணம், தைக்குள் காலி செய்யுங்கள் என்றார். நான் போய் நம் வீட்டைக் கேட்டேன். "நான் எங்க போவேன் மச்சான்?" என்றார் குடியிருந்தவர். வேறு வழியில்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்குப் போட்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் என் வக்கீல், எதிர் வக்கீல் மாதிரி எழுந்து நின்று கேட்டார்.

"ஒமக்கு வேற வீடு உண்டா?"

"இல்லைய்யா. இருந்தா நான் ஏன்..."

"நிறுத்தும். இல்லைன்னா இல்லை. சாட்சி சொல்ல வந்தீரா, கதை சொல்ல வந்தீரா? சரி, அவரு ஒமக்கு என்ன வேணும்?"

"எம்பிள்ளைக்குத் தாய்மாமன் முறை."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு! உறவுக்காரனாத்தான் குடியிருக்கேன், வாடகைக்கு இல்லைன்னு அவரு எழுதிக் குடுத்திருக்காரு. காதுகுத்து போட்டோவையும் தாக்கல் பண்ணிட்டாரு. நீரும் உறவுன்னுட்டா, வாடகை வழக்கு மட்டும் பாக்குற இந்தக் கோர்ட்ல கேஸ் நிக்காது. 'குடித்தனக்காரர், வேற ஒண்ணும் இல்லை'. எங்க, சொல்லும்."

சொன்னேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார். வாய் பழகும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "சொல்லாட்டா பிள்ளைகளோட எங்க போய் நிக்க?" என்றாள். பிறகு, "அண்ணன் மொகத்தைப் பாக்காம சொல்லிருங்க" என்றாள்.

மறுநாள் கூண்டில் நின்றேன். அவருடைய வக்கீல் போட்டோவைக் காட்டி, மூத்தவளே, உன்னை மடியில் வைத்திருப்பவர் யார் என்று கேட்டார்.

"குடித்தனக்காரர். வேற ஒண்ணும் இல்லை."

பார்க்கக் கூடாது என்றுதான் நின்றேன். பார்த்துவிட்டேன். அவர் குனிந்து தன் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். தீர்ப்பை வேறு தேதிக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே ராஜபாளையம் பஸ் புறப்பட நின்றது. சேத்தூருக்கு நானும் அதில் போய்த்தான் மாற வேண்டும். ஜன்னலோரம் அவர் இருந்தார். அவர் பக்கத்தில் மட்டும்தான் இடம்.

"ஏறலையா அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர்.

"ஒரு ஆள் வரணும்" என்றேன்.

யாரும் வர வேண்டியதில்லை. பஸ் போன பிறகு, வெயிலில் அதே ரோட்டில் அடுத்த நிறுத்தம்வரை நடந்தேன்.