நோட்டில் எழுதாத தாகம்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகும் சங்கடத்தில் பாதி அதனால் வந்தது. மீதிப் பாதி என் மருந்துப் பெட்டியால் வந்தது.

பெட்டி என்றால் பழைய தையல் பெட்டிதான். ஊசி நூலை எல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே ஹோமியோபதி மருந்துச் சீசாக்களை வரிசையாக நிறுத்தியிருந்தேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருக்கும் ஹோமியோபதிக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு முழங்கால் வலி வந்தது. தில்லை நகரில் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முழங்காலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவீர்கள், வெயில் பிடிக்குமா, கோபம் வந்தால் அழுவீர்களா கத்துவீர்களா என்று அரை மணி நேரம் விசாரித்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி உட்காரவைத்துக் கேட்டதில்லை. வலி குறைவதற்கு முன்பே எனக்கு ஹோமியோபதி பிடித்துப்போய்விட்டது.

அதே டாக்டரிடம்தான் எங்கள் நாயைப் பற்றியும் முதலில் கேட்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒரு மழை நாளில் ஒதுங்க வந்தவள் அவள். மழை நின்றது, அவள் போகவில்லை. ஏழு வருஷமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறாள். ஒருநாள் தெருவில் ஸ்கூட்டர் இடித்து, பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"காலைக் கீழ ஊன்றாளா பாருங்கம்மா. ஊனவே இல்லன்னா எக்ஸ்ரே எடுக்கணும், மருந்தெல்லாம் அப்புறம். ஊனினா ரெண்டு நாள் படியேற விடாதீங்க. அடிபட்டதுக்கு ஆர்னிகா வேணா குடுங்க" என்றார்.

ஊன்றினாள். படியேற விடவில்லை. ஆர்னிகாவும் கொடுத்தேன். மூன்றாம் நாள் பால்காரர் வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அந்தப் புகழ் முழுவதையும் நான் ஆர்னிகாவுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் அவளை ஓடவிடாமல் பிடித்துவைத்திருந்தது என் நினைவிலேயே இல்லை.

பிறகு கேட்க வேண்டுமா? பாதத்தில் கண்ணாடி கீறினால் காலண்டுலாத் தண்ணீரில் கழுவுவேன். தீபாவளி வெடிக்கு நடுங்கினால் ஒரு மருந்து, வெயில் காலத்தில் வயிறு கெட்டால் இன்னொன்று. மாடிவீட்டுப் பூனைக்கும் எதிர்வீட்டுக் கிளிக்கும்கூட என் பெட்டி திறந்தது. "மாமி, அந்த உருண்டை இருக்கா?" என்று வாசலில் யாராவது நிற்பார்கள். மாத்திரையைக் கையால் தொடக் கூடாது, மூடியில் கொட்டித்தான் வாயில் போட வேண்டும், காபி வாசனை பக்கத்தில் வரக் கூடாது என்று நான் வகுப்பெடுப்பேன்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவருக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. "ஸ்ரீரங்கத்துல பெருமாளுக்கு அடுத்தபடியா உன்னைத் தேடித்தான் கூட்டம் வருது" என்பார். "இந்த வீட்ல காபி குடிக்காம பத்தியமா இருக்கறது நாய் ஒண்ணுதான். அதனாலதான் அதுக்கு மட்டும் கேக்குது." நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன்.

போன வருஷம் ஆடி மாதத்தில் நாய் சுருண்டு படுத்தாள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், நாய்கள் இணை தேடும் பருவமான ஹீட் வந்து முடிந்திருந்தது. சின்ன வயதிலேயே கருப்பையை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. கத்தி எதற்கு என்று நான்தான் தட்டிக்கழித்தேன். இப்போது சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டினாள். என் மடியை விட்டு நகரவில்லை.

நோட்டை எடுத்தேன். ஹோமியோபதியில் குறிகளை எழுதிப் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பசியில்லை, எழுதினேன். ஒட்டிக்கொண்டே இருக்கிறாள், எழுதினேன். காற்றோட்டமான இடத்தைத் தேடுகிறாள், எழுதினேன். மூன்றும் சேர்ந்ததும், மருந்து பல்சடில்லாதான் என்று மனசுக்குள் மணி அடித்தது. போதாததற்கு ஹீட்டுக்குப் பின் வந்த கோளாறு, அதற்கும் அதே மருந்துதான். அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

ஒன்றுதான் இடித்தது. பல்சடில்லாவுக்குரிய ஜீவனுக்குத் தாகம் இருக்கக் கூடாது. எங்கள் நாயோ சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தாகத்தை எழுதவில்லை. ஆடியிலும் வெயில் குறையவில்லை, குடிக்கிறாள் என்று விட்டுவிட்டு, பல்சடில்லாவைக் கொடுக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் விடைக்குத் தோதாக நடுவில் ஒரு வரியை விழுங்கினால், முப்பது வருஷம் சிவப்பு மையால் சுழித்தவள் நான்.

இரண்டாம் நாள் அவள் படுத்திருந்த துணியில் கறை இருந்தது. சீழும் இரத்தமும் கலந்த கறை, கெட்ட வாடை. கணவர் பார்த்துவிட்டு, "கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

"மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. மொதல்ல அதிகமாகி அப்புறம்தான் குறையும். உள்ள இருக்கற கழிவு வெளிய வருது" என்றேன்.

"எனக்கு என்னமோ சரியாப் படலை."

"உங்களுக்கு என்னிக்குத்தான் சரியாப் பட்டுச்சு?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. என் வாய்க்குப் பயந்து அந்த வீட்டில் நின்றுபோன பேச்சுகள் எத்தனையோ. அன்றைக்கு நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது. மாலையில் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அதையும் கழிவு என்று என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர்ச் சட்டியை நோக்கிப் படுத்தபடியே இழுத்துக்கொண்டு போனாள். பத்து மணிக்கு டாக்டருக்குப் போன் செய்தேன். உதவி கேட்கக்கூட இல்லை. அதே மருந்தை இருநூறு வீரியத்தில் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் செய்தேன். சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறாம்மா?"

என் பார்வை காலியாகக் கிடந்த சட்டிக்குப் போனது.

"அம்மா?"

"நிறைய டாக்டர். நேத்து ஏழெட்டுச் சட்டி."

"மருந்தை நிறுத்துங்க. இது கருப்பையில சீழ் கட்டற மாதிரி இருக்கு. இதுக்கு என்கிட்டயும் மருந்து கிடையாது, உங்ககிட்டயும் கிடையாது. ஆபரேஷன்தான். இப்பவே கால்நடை டாக்டர்கிட்ட போகணும்."

"இது மொதல்ல அதிகமாகறதுதானே டாக்டர்?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"இல்லம்மா. செத்துக்கிட்டிருக்கா" என்றார்.

கணவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். மூன்று ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும், வாடை பட்டதும், மாட்டேன் என்று போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் வாசலில் அவளைப் போர்வையில் கிடத்திக்கொண்டு நின்றபோது, டாக்டரிடமிருந்து போன் வந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன். இருபத்தைந்து நிமிஷத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டி அவருடைய சின்னக் கார் வந்து நின்றது. கிளினிக்கில் காத்திருந்தவர்களைச் சாயந்திரம் வரச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பின் சீட்டில் தன் துப்பட்டாவை விரித்தார். வேண்டாம் டாக்டர், கறையாகிவிடும் என்றேன். "துவைச்சுக்கலாம், ஏத்துங்க" என்றார்.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர். வயதானவர், வேகமான கை. டாக்டர் சொன்ன எண்ணுக்குக் கணவர் வழியிலேயே போன் செய்திருந்ததால் மேஜை தயாராக இருந்தது. மருத்துவர் நாயின் வயிற்றை அமுக்கிக்கொண்டே கேட்டார்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்கு?"

"நேத்து சாயந்திரத்திலேர்ந்து" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயம்தான், வேறென்ன. கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன்.

"மூணு நாள் ஆச்சு சார்" என்று பக்கத்தில் நின்ற டாக்டர் மெதுவாகச் சொன்னார். "சாப்பாடு இல்ல. நேத்திலேர்ந்து வாந்தி. ஹோமியோபதி மருந்து குடுத்திருக்கு."

மருத்துவர் நிமிர்ந்தார். "யாரு குடுத்தது?"

நான் போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன்.

"நான் ஹோமியோபதி டாக்டர் சார். இவங்க என் பேஷன்ட்தான்" என்றார் அவர்.

பொய் இல்லை. ஆனால் மருத்துவர் என்ன புரிந்துகொள்வார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? "படிச்சவங்கதானே நீங்க?" என்று ஆரம்பித்தார் மருத்துவர். "மூணு நாளா சர்க்கரை உருண்டையைக் குடுத்து ஒரு உசுரோட விளையாடியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"சார், இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார் டாக்டர்.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் என்னை நாயின் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஊசி ஏறும் வரை அவள் காதோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் என் மணிக்கட்டை ஒருமுறை நக்கினாள். பிறகு கண் செருகியது. எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மணி நேரம். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கணவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அதற்காக அவருக்கு நான் எத்தனை ஜென்மத்துக்குக் காபி போட்டாலும் தகும். மதியம் மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "பிழைச்சுக்கும். சாயந்திரம் வரைக்கும் விட்டிருந்தா சொல்லியிருக்க முடியாது" என்றார். டாக்டர் அப்போதுதான் கிளம்பிப் போனார்.

ஒரு வாரம் கழித்துத் தில்லை நகருக்குப் போனேன். முழங்காலைச் சாக்காக வைத்துக்கொண்டுதான் போனேன்.

"அன்னிக்கு என் பழியை நீங்க ஏன் டாக்டர் வாங்கிக்கிட்டீங்க?"

அவர் பேனாவை மூடிவைத்தார். "அந்த நேரத்துல அவர் உங்களைத் திட்டியிருந்தா நீங்க உடைஞ்சு போயிருப்பீங்க. அப்ப நாயோட தலையை யாரும்மா பிடிச்சிருப்பாங்க? என்கிட்டயோ உங்க வீட்டு சார்கிட்டயோ அது அடங்கியிருக்காது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் என்னை அதோடு விட்டுவிடவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க நாயைப் பாத்து மருந்தைத் தேடல. மருந்தைப் பாத்து நாயைத் தேடியிருக்கீங்க. பெட்டி இருக்கட்டும், நான் வேண்டாங்கல. சிராய்ப்புக்குக் கழுவி விடுங்க. ஒருநாள் முழுக்கச் சாப்பிடலன்னாலோ, எங்கேயாவது சீழ் வந்தாலோ பெட்டியைத் திறக்கக் கூடாது. நேரா அங்க போகணும்." டீச்சரிடம் திட்டு வாங்கிய பிள்ளையைப் போலத் தலையாட்டினேன். எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் அதிசயம்.

தையல் பிரிக்கும் நாள் வந்தது. நாய் மேஜையில் ஏறிச் சமர்த்தாக நின்றாள். மருத்துவர் நூலை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொன்னேன்.

"சார், அன்னிக்கு மருந்து குடுத்தது அந்த டாக்டர் இல்ல. மூணு நாளும் நான்தான் குடுத்தேன். அவங்களுக்கு மூணாவது நாள்தான் தெரியும். தெரிஞ்ச நிமிஷமே உங்ககிட்ட அனுப்பினாங்க. நேத்து சாயந்திரம்னு நான் சொன்னதும் பொய்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"அந்தப் பொண்ணை நான் என்னென்னமோ பேசிட்டேனேம்மா" என்றார். "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே அது. நம்பர் இருக்கா?"

என் போனில் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். மணி அடித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம்மா, நான் கண்டோன்மென்ட்லேர்ந்து, அன்னிக்கு அந்த நாய்க்கு ஆபரேஷன் பண்ணினேனே..."

அவரை முடிக்க விடவில்லை டாக்டர். "சொல்லுங்க சார். என்னாச்சு, சாப்பிடறாளா?" என்று கேட்டார். அந்தக் குரலில் பயம் இருந்தது.

மருத்துவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டார். மேஜையில் நின்ற நாயைப் பார்த்து, "நல்லா சாப்பிடறாம்மா" என்றார்.