வட்டு வித்த காசுல வாங்கின குடம்

எங்க வீட்ல ஒரு வழக்கம். சொந்த சம்பாத்தியத்துல யார் பாத்திரம் வாங்கினாலும் அதுல அவங்க பேரை வெட்டிடுவோம். ஸ்ரீரங்கத்துல இந்த வீட்டுக்கு மூத்த மருமக நான்தான். ஆனா பேர் வெட்டின பாத்திரம் இருந்தது என் ஓரகத்திக்கு, அதான், கொழுந்தனார் பொண்டாட்டிக்கு. உறையூர்ல புடவை எடுத்து, போன்ல ஸ்டேட்டஸ் போட்டு விப்பா. அந்த லாபத்துல ஒரு இட்லிப் பானை வாங்கினா. தினம் காலைல நான் அதை அடுப்புல ஏத்துறப்போ அவ பேரு என் மூஞ்சிக்கு நேரா நிக்கும். அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சிடும்.

போன வருஷம் அமெரிக்காவிலேர்ந்து லீவுல வந்த என் தம்பி ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் வட்டு கொண்டாந்தான். டிஸ்க் கோல்ஃப்னு ஒரு விளையாட்டாம். தூர நின்னு வட்டை வீசி, சங்கிலி தொங்குற கூடையில விழ வைக்கணுமாம். "பழசுதான், ஆனா நல்ல சரக்கு. பெங்களூர்ல விளையாடுறவங்க இருக்காங்க. வித்து காசை நீயே வச்சுக்கக்கா"ன்னான். எனக்கு உடனே கண்ணு முன்னாடி வந்தது ஒரு குடம். என் பேர் வெட்டின குடம்.

ஒவ்வொரு வட்டு முதுகுலயும் பழைய சொந்தக்காரன் மார்க்கர்ல பேர் எழுதியிருந்தான். தொலைஞ்சா திரும்பி வரணுமே, அதுக்கு. நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல தொட்டு, மூக்கு எரிய எரிய எல்லாத்தையும் தேய்ச்சு அழிச்சேன். போட்டோ புடிச்சு, பழைய சாமான் விக்கிற ஆப்புல போட்டேன். ஒருத்தர், "நாய் கடிச்சு விளையாட ஆகுமா?"ன்னு கேட்டார். இன்னொருத்தர், "இதுக்கு டப்பா எங்க, மூடி மட்டும்தானா?"ன்னார். அவ்வளவுதான் என் வியாபாரம். பெட்டியைத் தாண்டிப் போறப்பல்லாம் என் மாமியார், "இது எப்பம்மா காலியாகும்?"னு ஒரு போடு போடுவாங்க.

அப்பத்தான் ஓரகத்தி வந்து, "அக்கா, ஒண்ணு குடுங்களேன்"ன்னா. கொள்ளிடத்து மணல்ல நின்னு, முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு ஒரே வீசு. வட்டு நேராப் போயி, கடைசில இடது பக்கம் ஒடிச்சு, அழகா மணல்ல எறங்குச்சு. கொழுந்தனார் வீடியோ எடுத்தார். நானும் மொட்டை மாடில வீசிப் பாத்தவதான். பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டில போயி முட்டிச்சு.

அவ தன் நம்பரோட ஸ்டேட்டஸ்ல போட்ட அந்த வீடியோ எங்கெங்கயோ சுத்தி பெங்களூர் போய்ச் சேந்துடுச்சு. அவ போன் ஓயவே இல்ல. எல்லாருக்கும் அந்தப் புடவைக்கார அக்காகிட்டத்தான் வட்டு வேணுமாம். அவ விலாசம் சொல்லச் சொல்ல நான் கட்டிக் கட்டி கொரியருக்குத் தூக்கிட்டுப் போனேன். பெட்டி காலி. வந்த காசு மொத்தத்தையும் என் கையில வச்சு, "உங்க சரக்கு, உங்க காசுக்கா"ன்னா. பாவி, கொஞ்சம் கமிஷன் எடுத்திருந்தாகூட மனசுக்குள்ளயாவது நாலு வார்த்தை திட்டியிருப்பேன். நல்லவளா வேற இருந்து தொலைக்கிறா!

மாமியாரைக் கூட்டிக்கிட்டு பெரிய கடை வீதிக்குப் போனேன். தட்டித் தட்டிப் பாத்து ஒரு எவர்சில்வர் குடம் எடுத்தேன். கடைக்காரர் பேர் வெட்டுற மெஷினைக் கையில எடுத்துக்கிட்டு, "என்ன பேருங்க போடணும்?"னு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மாமியார் முந்திக்கிட்டாங்க.

"ரெண்டு மருமக பேரையும் போடுங்க. சின்னவ பேரை முதல்ல போடுங்க. அவ இல்லன்னா இந்தக் குடம் ஏது?"

அது பொய்யா இருந்திருந்தா அங்கேயே சண்டை போட்டிருப்பேன். கிர்ருன்னு மெஷின் ஓடுச்சு. நான் தலையைத் திருப்பிக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

இப்ப வீட்டுக்குக் குடிதண்ணி அதுலதான். தினம் அதைத் தேய்க்கிறவ நான்தான். ஊரு பேரு தெரியாத வெள்ளைக்காரங்க பேரையெல்லாம் ஒரு பஞ்சுல அழிச்ச கை இது. வெட்டின பேரு அழியாதுன்னு எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் அந்த முதல் பேர் மேல வர்றப்போ கை கொஞ்சம் அழுத்தத்தான் செய்யுது.