மாதேவியின் நாக்கு

அன்று காலை மைசூர் அக்ரஹாரத்தில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் மாதேவியின் பெயர். "சொல்லு மாதேவி" என்றேன். மறுமுனையில் பேசியது அவளுடைய அம்மா பொன்னம்மா.

"நான்தான் கண்ணு பேசறேன். அவ போயிட்டா. இப்பத்தான். நீ வந்துரு."

கடைக்காரர் கறிவேப்பிலைக் கட்டை நீட்டியபடி நின்றார். அதை வாங்கினேனா என்பது நினைவில் இல்லை. தொண்டையில் வந்த புற்றுநோய் அவளை விடாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருப்பது எதற்கும் உதவவில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலர் மாதேவியோடு கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்தவர்கள். பலர் எங்கள் வாடிக்கையாளர்கள். ரிங் ரோட்டை ஒட்டிய எங்கள் சின்ன பீர் ஆலையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ரப்பர் பூட்ஸும் தலையில் இறுக்கிய துண்டுமாகத் தொட்டிகளுக்கு நடுவே நடமாடிய ஒல்லியான பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் குடித்த ஒவ்வொரு கிளாஸையும் செய்தவள் அவள்தான். நான் அவளோடு உட்கார்ந்து ருசி பார்த்தவள்.

அதற்கு முன் நான் ஒரு காப்பிக்கொட்டை ஆலையில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தேன். ஆலை மூடியதும் பிரசாத் என்னைக் கூப்பிட்டார். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து, அங்கே குடித்த பீரை மைசூரில் அப்படியே செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக ஆலை தொடங்கியவர் அவர். பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, நொதிக்கவைக்கும் ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கைத் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். கோதுமை பீருக்கு மட்டும் கோதுமை. பதினோரு மணி வாக்கில், சாப்பாட்டுக்கு முன், நாக்கு தெளிவாக இருக்கும் நேரத்தில் மாதேவி, பிரசாத், சமையல்காரர் ரஃபீக், நான் என நான்கு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். எங்கள் தெருவில் இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! வீட்டுக்குத் திரும்பும்போது ஏலக்காயை மென்றுகொண்டேதான் போவேன்.

முதல் நாள் பொன்னிறமான ஹெல்லெஸ் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்றேன். மாதேவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குன்னு கல்யாண வீட்ல சொல்லுங்கக்கா. இங்க என்ன இருக்குன்னு சொல்லுங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இருபது வருடம் காப்பி ருசித்தவளிடம் பேசுகிற பேச்சா இது? மறுபடி ஒரு வாய் எடுத்தேன். "ரொட்டியோட உள்பக்கம். கொஞ்சம் காய்ஞ்ச வைக்கோல். கடைசில லேசா வேப்பங்கொழுந்து" என்றேன். அவள் சிரித்தபோதுதான் முன்பற்களில் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருப்பதைப் பார்த்தேன். "இதுக்குத்தான் உங்களக் கூப்பிடச் சொன்னேன்" என்றாள். என்னைத் தேடிப் பிடித்தது பிரசாத் அல்ல, அவள்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ருசிகளைக் குறிக்க வெளிநாட்டு அட்டவணை ஒன்றை வைத்திருந்தோம். அதில் பாதிப் பழங்களை எங்களில் மூன்று பேர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் மாதேவி நஞ்சன்கூட்டு ரசபாளெ வாழைப்பழச் சீப்பு ஒன்றையும், மண்டி மொஹல்லா மளிகைக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் கிராம்பையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கோதுமை பீரை ஊற்றி, "இப்ப மோந்து பாருங்க" என்றாள். பழத்தை முகர்ந்தோம், கிராம்பை முகர்ந்தோம், கிளாஸை முகர்ந்தோம். ரஃபீக் "அடே!" என்று கத்தியேவிட்டார். இரண்டும் அந்தக் கிளாஸுக்குள் இருந்தன. பழமோ கிராம்போ எதுவும் சேர்க்காத பீரில், ஈஸ்ட் மட்டுமே அந்த வாசனைகளை உண்டாக்கியிருந்தது. அட்டவணை அதோடு அலமாரிக்குள் போய்விட்டது. பழச் சீப்பை நாங்களே தின்று தீர்த்தோம்.

அவளுடைய ஊர் காவிரிக்கரையில் காட்டை ஒட்டிய கோபிநத்தம். என் தமிழைக் கேட்டு, "உங்க தமிழ்ல பாதி கன்னடம்க்கா" என்று கேலி செய்வாள். ஊரைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். ஒருமுறை கொதிகலன் ஆறுவதற்குக் காத்திருந்தபோது அவளாகவே சொன்னாள். அவளுடைய அப்பா கள்ளச்சாராயம் குடித்துக் குடித்தே செத்தவர். அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தார். பீர் ஆலையில் வேலை என்று மகள் சொன்ன அன்று, "உங்கொப்பன் குடிச்சுச் செத்தான், நீ ஊத்திக் குடுத்துச் சம்பாரி" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு மகள் வீட்டுச் சோற்றில் கை வைத்ததில்லை.

"அப்புறம் ஏன் மாதேவி இந்த வேலைக்கு வந்தே?" என்று கேட்டேன்.

"எங்கப்பா என்ன குடிக்கிறோம்னே தெரியாம குடிச்சாருக்கா. அதுல என்ன கலந்திருக்குன்னு காய்ச்சினவனுக்கும் தெரியாது, குடிச்சவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியணும்."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் வெப்பமானியைப் பார்த்தாள்.

சனிக்கிழமைகளில் அவள் கவுண்ட்டர் பக்கம் வந்து நிற்பாள். ஒரு சனிக்கிழமை மாலை, ஒருவர் கறுப்பு டுங்கெல் பீரைத் தண்ணீர்போல மடமடவென்று குடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். மாதேவி போய் அவர் எதிரே உட்கார்ந்தாள். "இதுல என்ன ருசி இருந்துச்சு சார்?" என்று கன்னடத்தில் கேட்டாள். அவர் விழித்தார். "அப்ப இன்னிக்கு இது போதும். நாளைக்கு வாங்க, மெதுவாக் குடிங்க" என்றாள். அவர் பிரசாத்திடம் போய்ச் சண்டை போட்டார். பிரசாத் எங்களிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த மனிதர் திரும்பி வந்தார். பிறகு பல வருடம் எங்களிடம் வந்தார். அவளை அடக்கம் செய்த அன்று அவரும் கோபிநத்தம்வரை வந்திருந்தார்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்தது சென்ற வருடம். கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில், மேசையில் கிளாஸை வாயில் வைத்தவள் அப்படியே கீழே வைத்தாள். இன்னொரு கிளாஸை எடுத்தாள். அதையும் வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்து, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள்: "எனக்கு ருசி போயிடுச்சு. எல்லாம் ஈரத்துணியச் சப்பற மாதிரி இருக்கு."

பிரசாத் மெதுவாக, "பேடா மாதேவி, வேலைக்கு வர வேண்டாம், வீட்டில் இரு. உடம்பு தேறட்டும், சம்பளம் வரும்" என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு இருக்கு, மூக்கு பாதி இருக்கு. நாக்கு நீங்க குடுங்கக்கா."

அன்றிலிருந்து நான் ருசித்து அவளுக்குச் சொன்னேன். ருசிப்பது எனக்குப் பழகிய வேலை. ருசியே தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்வது வேறு வேலை. "கசப்பு" என்றால் விடமாட்டாள். "எந்தக் கசப்பு? பாகக்காயா, வெந்தயமா? உடனே போகுதா, உக்காந்துக்குதா?" நான் கண்ணை மூடிக்கொண்டு தேடுவேன். "வெந்தயத்த ராத்திரி ஊறவெச்சு, காலைல அந்தத் தண்ணியக் குடிச்ச மாதிரி" என்பேன். அவளும் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தத் தண்ணீரை நினைவிலிருந்து குடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு, "அப்ப ஹாப்ஸ் கொஞ்சம் கொறைக்கணும்" என்பாள். அடுத்த முறை குறைத்திருப்பாள். சரியாக இருக்கும்.

அந்த நாட்களில்தான் பொன்னம்மா ஊரிலிருந்து வந்து மகளோடு தங்கினார். சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றவர் இப்போது மகளுக்குக் கஞ்சி காய்ச்சினார். ஆலைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. மகளைக் கூட்டிப்போக வந்தாலும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பார்.

ஒருநாள் மாதேவி கஞ்சியைக் குடிக்காமலே வேலைக்கு வந்துவிட்டாள். தூக்குப்பாத்திரத்தோடு பின்னாலேயே வந்த பொன்னம்மா, கோபத்திலோ என்னவோ, கேட்டையும் தாண்டி நேராக எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். நான்கு கிளாஸ்களிலும் பீர். ரஃபீக் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். பொன்னம்மா உட்காரவில்லை. மகளின் முன்னால் இருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதா?" என்றார்.

"இதுதாம்மா" என்றாள் மாதேவி.

பொன்னம்மா கிளாஸை எடுத்தார். கொட்டிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மறுபடி கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தார். சேலைத் தலைப்பு அவர் வாயை மூடியிருந்தது.

"உங்கொப்பன் மேல அடிச்ச நாத்தம் இதுல இல்ல" என்றார்.

மாதேவிக்கு நோய் என்று தெரிந்த நாளிலும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள். பொன்னம்மா கிளாஸை வைத்துவிட்டு, தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, "மொதல்ல இதக் குடி" என்றார். நாங்கள் மூவரும் எழுந்து வெளியே போனோம்.

கோபிநத்தத்தில் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுவாரம் ஆலையைத் திறந்தோம். கடைசித் தொட்டியில் அவள் மார்கழிக் குளிருக்கென்று செய்த போக் என்ற வகை இருந்தது. கறுத்த, கனமான பீர். வாரக்கணக்கில் குளிரில் கிடந்து முதிர வேண்டியது. முதிர்வதற்குள் அவள் போய்விட்டாள். அவள் நினைவாக அதை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று பிரசாத் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் முதல் வாயை எடுத்தேன்.

புளித்திருந்தது.

நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஆலைக்கும் அலைந்த நாட்களில் எப்படியோ வேண்டாத கிருமி உள்ளே புகுந்திருக்கிறது. எந்த வழியாக என்று தெரியவில்லை. பிரசாத்தும் குடித்துப் பார்த்தார். பிறகு, "ஜெர்மனியில் புளிப்பு பீரும் உண்டு வசந்தா. அப்படின்னே சொல்லிக் கொடுக்கலாம். அவ கடைசியாச் செஞ்சது இது. ஜனங்களுக்கு எங்கே தெரியப் போகுது?" என்றார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவளுடைய கையால் ஆனது இனி எதுவும் இல்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"அது புளிக்கணும்னு செய்யறது. இது புளிச்சுப் போனது" என்றேன்.

பிரசாத்தே போய் வால்வைத் திறந்தார். கறுப்பாக, நுரையோடு, தரையில் இருந்த சாக்கடைக் கால்வாயில் அது ஓடியது. தொட்டி காலியாக நேரம் பிடித்தது. மூவரும் நின்றுகொண்டே இருந்தோம்.

இதைப் பொன்னம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று குழம்பினேன். மாதேவியின் வாடகை வீட்டைக் காலி செய்ய அவர் வந்திருந்தபோது சொல்லிவிட்டேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஊத்தறப்ப யாரு இருந்தீங்க?"

"மூணு பேரும் இருந்தோம்மா. கடைசி வரைக்கும்."

"சரி கண்ணு" என்றார். "ஒண்டியா விடலீல்ல." மறுபடி சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார்.

அவளுடைய சாமான்களில் ஏதாவது எடுத்துக்கொள் என்று பொன்னம்மா சொன்னார். நான் எதையும் எடுக்கவில்லை. அவளுடையது ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. இப்போதும் ஒரு வாய் காப்பியோ, ரசமோ, பீரோ நாக்கில் பட்டதும், ருசி தெரியாத ஒருத்திக்குச் சொல்ல வேண்டும் என்பதுபோல நான் சொல் தேடுகிறேன். இது எந்தக் கசப்பு, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைப்போல இருக்கிறது? பெரும்பாலும் சரியான சொல் கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் தலை நிமிர்கிறேன். கேட்க அவள் இல்லை. இருந்தாலும் வாய்க்குள்ளேயே, மெதுவாக, முழுதாகச் சொல்லி முடிக்கிறேன்.