கோடு இல்லாத பெட்டி

இது நடந்தது. ஜெரால்டுக்கு நடந்தது. நம்பாதவர்களிடம் அவன் வாதாடுவதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனி. அங்குள்ள கணினிகள், சர்வர்கள், கதவுப் பூட்டுகள் எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும். எது எதை நம்பி ஓடுகிறது என்று கோடு போட்டு இணைக்க வேண்டும். அதுதான் ஜெரால்டின் ஒப்பந்த வேலை. திங்கட்கிழமை காலை ஆடிட். ஒரு பொருள் கோடில்லாமல் நின்றாலும் ஒப்பந்தம் நீளாது. ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் அவனைக் கழற்றிவிட்டிருந்தன. மூன்றாவது முறை வீட்டில் போய் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு மதியம் 1:50. ஆலை மூடியிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பொருள்களில் ஒன்று மட்டும் பாக்கி. சர்வர் அறை மூலையில், பெயர்ச் சீட்டு கிழிந்த ஒரு சின்னப் பெட்டி. பச்சை விளக்கு எரிந்தது. அதன் ஒயர் சுவருக்குள் போனது. அப்புறம் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

காக்களூர் கிளையிலிருந்த சீனியர் பார்த்திபனைப் போனில் கேட்டான்.

"இன்னாத்துக்குடா மண்டைய ஒடச்சிக்கினு கீற? ஒயர உருவு. எவன் கத்துறான்னு பாரு. கத்துறவனுக்குக் கோடு போடு. அரை மணி நேரம் எவனும் கத்தலன்னா, செத்த பெட்டி. லிஸ்ட்ல இருந்து தூக்கிடு."

"யாராவது மாட்டிக்கினா, சார்?"

"ஞாயித்துக்கெழம எவன்டா கீறான்? நான்லாம் உருவிட்டு சாப்பிடவே பூடுவேன்."

அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

2:10. உருவினான். பச்சை விளக்கு அணைந்தது.

ஏசி மட்டும் இரைந்தது. அவனுக்கு அமைதி பிடிக்கும். ஆனால் இந்த அமைதியில் பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசம் இருந்தது. பெயின்ட் கூடம் மூன்று நாளாக ஓடவில்லை...

2:13. மேசையிலிருந்த இன்டர்காம் அடித்தது.

"நைனா... காத்து வரல. ஃபேன் நின்னுபோச்சி. கதவும் தொறக்கல."

"எந்த ரூம்ணே?"

"பெயின்ட் கலக்குற ரூமு. சீக்கிரம் போட்டு வுடு நைனா..."

சொருகினான். உள்ளே ஒரு சின்ன சந்தோஷம். கோடு கிடைத்துவிட்டது.

2:16. மறுபடி அடித்தது. இருமல்.

"போட்டாச்சுண்ணே! பச்சை எரியுது!"

"எவ்ளோ நேரமா கூப்புட்றேன்... இப்பதான் எடுக்குற."

கட்.

ஓடினான். கேட்டில் வாட்ச்மேன் சாலமோன் இருந்தார். பெயின்ட் கலக்கும் அறை எங்கே என்று கேட்டான். அவர் எழவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

பைக் நிறுத்தும் கொட்டகை. வெறும் சிமென்ட் தரை.

"இடிச்சி ஆறு வருஷம் ஆவுது தம்பி. பெயின்ட் கலக்குற தானியேல் அதுக்குள்ளதான் செத்துப்போனான். இதே மாரி ஞாயித்துக்கெழம. கம்ப்யூட்டர் ஆளு ஒருத்தன் ஏதோ ஒயர உருவிட்டு, சர்வர் ரூமப் பூட்டிக்கினு சாப்பிடப் பூட்டான். உள்ள போன் அடிச்சிக்கினே இருந்துச்சி. கேட்டு வரைக்கும் கேட்டுச்சி. எங்கிட்ட சாவி இல்ல..."

"யாரு அந்த ஆளு?"

"உங்க பார்த்திபன்தான்."

இருட்டும் வரை ஜெரால்ட் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இந்தப் பெட்டியை நம்பியிருப்பது யார்? அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. பெயரை எழுத முடியவில்லை. பட்டியலிலிருந்து பெட்டியைத் தூக்கவும் முடியவில்லை.

திங்கட்கிழமை வேலை போயிற்று.

அவன் இடத்துக்கு வந்த பென்னி பத்து நாள் கழித்துப் போனில் சொன்னான். சுவரை உடைத்துப் பார்த்தார்களாம். ஒயர் மூன்றடிதான். அதற்கு மேல் வெட்டுப்பட்டு, முனை துருவேறியிருந்ததாம். பெட்டி காயலாங்கடைக்குப் போய்விட்டது.

ஜெரால்ட் ஒன்றுதான் கேட்டான்.

"உருவுன பிறகு போன் அடிச்சிச்சா?"

"தெரிலண்ணே. உருவிட்டு சாப்பிடப் பூட்டேன்."