படகைத் தள்ளியவள்

ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பூங்கா. நல்ல மத்தியானம். என் மகள் பலமுறை பார்த்த கார்ட்டூன் படம் ஒன்றை வைத்து அமைத்த படகுச் சவாரியில் நானும் என் சின்ன மகளும் மட்டும் போகிறோம். குகைக்குள் இருபுறமும் பொம்மைகள் தலையாட்டிப் பாடுகின்றன. திடீரென்று மின்சாரம் போய்விடுகிறது. பாட்டு நின்று கும்மிருட்டாகிறது. ஈரமான கை ஒன்று படகின் விளிம்பைப் பிடிக்கிறது. என் மகள் வீறிடுகிறாள்.

"பயப்படாதீய சார், நான் இங்க வேல பாக்குறவதான். கரண்டு போனா தள்ளிவிடுவேன்," என்கிறது ஒரு பெண்குரல்.

இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து தள்ளுகிறாள். வாசல் வெளிச்சம் பட்டதும் நின்றுவிடுகிறாள்.

"நீங்களும் வெளிய வாங்கம்மா."

"வெயிலு கண்ணுக்கு ஆகல சார். உள்ளயே இருந்து பழகிப்போச்சு."

மின்சாரம் வருகிறது. அவள் திரும்பி, பாடும் பொம்மைகளுக்கு நடுவே போய் நிற்கிறாள்.

"அப்பா, அந்த அக்கா படத்துல வரவே இல்லையே," என்கிறாள் மகள்.