ஓர வரிசையில் ஒன்பது குலைகள்

அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு டப்பா இருக்கிறது. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது டீக்கு ஏலக்காய் தேடி அதைத் திறந்தேன். ஏலக்காய் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, பிளாஸ்டிக்கும் ஏதோ மருந்தும் கலந்த மாதிரி. உங்களுக்கு நாற்பது வயதாகியிருந்தால் தெரியும், பிலிம் ரோல் வருகிற டப்பா அது. இத்தனை வருஷம் ஏலக்காய் போட்டும் பழைய வாசனை போகவில்லை என்றேன். "ஒம் மூக்குக்கு மட்டுந்தான் அடிக்கும்" என்றாள் அம்மா. இருக்கலாம். என் அப்பாவின் பெயரே ஒருநாள் அந்த டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ்ஸில் போனது. அந்த மூக்குக்கு வேறு எப்படி அடிக்கும்?

அப்போது நான் மதுரையில் போட்டோகிராபி படித்துக்கொண்டிருந்தேன். "கல்யாண வீட்ல படம் எடுக்குறதுக்கா பொட்டப்புள்ளய மதுரைக்கு அனுப்புறீக?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அப்பா, "அவ நல்லா எடுப்பா" என்றார். நான் எடுத்த ஒரு படத்தைக்கூட அவர் அதுவரை பார்த்ததில்லை. அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் எனக்கும் அதே நம்பிக்கை இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே.

என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்துவிட்டது எது என்று பேட்டிகளில் கேட்கிறார்கள். உலகத்துப் பெரிய போட்டோகிராபர்கள் பெயரைச் சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் இரண்டே இரண்டுதான். ஒன்று, கம்பத்து ஸ்டுடியோ ஒன்றில் தொங்கிய திரை. அதில் மலையும் அருவியும் வரைந்திருக்கும். வாசலுக்கு வந்தால் நிஜ மலை கண்முன்னால் நிற்கிறது. அதை விட்டுவிட்டு வரைந்த மலைக்கு முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுப்பார் ஸ்டுடியோக்காரர். எனக்கு அந்தப் பொய் மலைதான் பிடிக்கும். இன்னொன்று, உரக்கடையில் கொடுத்த காலண்டர். அதில் ஒரு திராட்சைக் குலை, கண்ணாடி மாதிரி பளபளவென்று, பழத்துக்குப் பழம் நீர்த்துளி. எங்கள் தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் குலை தொங்குகிறதே, ஒன்றுகூட இப்படி இல்லையே என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே குறை.

இல்லாததற்குக் காரணம் உண்டு. பன்னீர் திராட்சை பழுக்கும்போது மேலே மெல்லிசாக வெள்ளைப் பூச்சு ஒன்று படியும், பார்த்திருப்பீர்கள். விரல் பட்டால் அது போய்விடும், போனது திரும்ப வராது. அது கலையாமல் இருந்தால்தான் யார் கையும் படாத பழம் என்று வியாபாரி வாங்குவார். பறிக்க வருகிற பெண்கள்கூட காம்பைப் பிடித்துத்தான் வெட்டுவார்கள். எங்கள் மாமா ஒருதடவை ஆசையாக ஒரு குலையைத் தடவப்போக, அப்பா அவர் கையைத் தட்டிவிட்டார். மாமா ஒரு வருஷம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரிந்தேதான் செய்தேன்.

கல்லூரியில் எங்களுக்கு வாரம் ஒரு புராஜெக்ட். முதல் புராஜெக்ட் 'நிழல்'. நான் முப்பத்தாறு படம் எடுத்தேன். பிலிமைச் சரியாக மாட்டாததால் முப்பத்தாறும் வெறுமை. "நிழல்கூட விழல" என்று வகுப்பே சிரித்தது. அடுத்தது 'முகம் இல்லாத உருவப்படம்'. வகுப்பில் பாதிப்பேர் பாட்டன்மாரின் சுருங்கிய கையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்ற அப்பாவின் முதுகை எடுத்தேன், இலைக்கு நடுவே விழுந்த வெயில் சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக. அது நல்ல படம். இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் மேடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எதை எடுத்தாலும் சரி, அதை நகர்த்தவோ துடைக்கவோ கை வைப்பதற்கு முன்னால், இருக்கிறபடியே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். இருக்கிற பிலிமுக்கே ததிங்கிணத்தோம் போடுகிறோம், இதில் இது வேறா என்று நாங்கள் முணுமுணுப்போம். திட்டிக்கொண்டே செய்வோம்.

மூன்றாவது, 'ஒரே பொருள், பன்னிரண்டு படம்'. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை ஊருக்கு வந்து, ஞாயிறு விடிந்ததும் பந்தலுக்குப் போனேன். ஓர வரிசையில்தான் வெளிச்சம் நன்றாக விழும். முதலில் மேடத்துக்காக, தொடாத குலை ஒரு படம். பிறகு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துணியால் ஒன்பது குலையைத் துடைத்தேன். என் இடது கை துடைப்பதையும் ஒரு படம் எடுத்தேன், சும்மா ஒரு திமிரில்தான். கடைசியில் தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளித்தேன். அப்படித் தெளித்தால் துளி வழியாமல் நிற்கும், ஸ்டுடியோக்காரர் சொன்ன ரகசியம். காலண்டர் தோற்றது போங்கள். வியாபாரி செவ்வாய்க்கிழமைதான் வருவார், அதற்குள் ஒன்பது குலையையும் அறுத்து மறைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

அவர் அன்றைக்கே வந்துவிட்டார்.

தேனி பஜாரில் பழக்கடை வைத்திருந்த சாமுவேல் அண்ணாச்சி. வருஷா வருஷம் எங்கள் பழத்தை எடுப்பவர், அப்பாவின் சொல்லுக்கு மேல் ஒரு கேள்வி கேட்காதவர். ஓர வரிசையிலேயே நின்றுவிட்டார். ஒரு பழத்தைத் தொட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னண்ணே, பிசுபிசுங்குது? கழுவிருக்கீகளா?"

நோய் முதலில் விழுவது ஓர வரிசையில்தான். அறுக்கிற சமயத்தில் அங்கே மட்டும் மருந்து அடித்துவிட்டுக் கழுவி விற்பவர்கள் உண்டு என்பது ஊரறிந்தது. அண்ணாச்சி கோபப்படவே இல்லை. "உங்க தோட்டத்துலயாண்ணே?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அப்பா தலைகுனிந்து நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அடி வாங்கியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

"நாந்தான் தொடச்சேன் அண்ணாச்சி. போட்டோ எடுக்குறதுக்காக" என்றேன்.

"அப்பாவக் காப்பாத்தப் பொய் சொல்லாத பாப்பா. தோட்டக்காரன் மக கொலயத் தொடப்பாளா?"

நியாயமான கேள்வி. "படம் இருக்கு, காட்டுறேன்" என்றேன்.

"கூடலூர் வரைக்கும் போறேன். நாலு மணிக்கு இங்கன வருவேன். காட்டு பாப்போம்."

ரோலைச் சுற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எனக்குத் தெரிந்த கலர் லேப் தேனியில்தான். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று பஸ் நின்று நின்று போக, எனக்கு அந்த முதல் ரோல்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. இந்தத் தடவையும் சரியாக மாட்டியிருக்காவிட்டால்? அப்பா கழுவி விற்பவர் என்ற பெயர் பஜார் முழுக்கப் போய்விடும். நம்புங்கள், வாழ்க்கையில் எனக்கு என்மேல் சந்தேகம் வந்தது அந்த பஸ்ஸில் மட்டும்தான்.

லேப்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பதினாறு விழுந்திருக்கும்மா" என்றார். கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நாலு மணிக்கு மோட்டார் ரூம் திண்டில் மூன்று படங்களை வரிசையாக வைத்தேன். வெள்ளைப் பூச்சோடு குலை. துடைக்கிற என் கை. பளபளக்கிற குலை. அண்ணாச்சி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மா கேட்காமலேயே சுங்குடித் துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். படத்தில் இருந்த அதே கிழிசல். அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணே, நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

"கேக்கணும். கேட்டாத்தான் வியாபாரி" என்றார் அப்பா.

அண்ணாச்சி போன பிறகு அப்பா முதல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். "இது நல்லாத்தானத்தா இருக்கு. இதுக்கு மேல என்னத்தத் தொடச்ச?" அதை மோட்டார் ரூமில் சுவிட்சுக்கு மேலே ஒட்டினார். துடைத்த குலைகளைக் கிளிசரின் போகக் கழுவி நாங்களே தின்று தீர்த்தோம். முதல் படத்துக்கு இன்னொரு பிரிண்ட் போட்டு, மூன்றையும் சேர்த்துத்தான் புராஜெக்டில் வைத்தேன். மேடம் சுமாராகத்தான் மதிப்பெண் போட்டார். அதில் எனக்கு இன்றுவரை சம்மதம் இல்லை.

போன வாரமும் பழம் அறுவடைக்குத் தயாராகத்தான் இருந்தது. ஏலக்காய் டீயைக் குடித்துவிட்டுப் பந்தலுக்குப் போய், ஓர வரிசையில் ஒரு குலையைப் போனில் எடுத்தேன். எதையும் தொடவில்லை, துடைக்கவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் கற்றதெல்லாம் அந்த ஒரு படத்தில் இருந்தது. அப்பா அதை அண்ணாச்சியின் மகனுக்கு அனுப்பினார், கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது.

"படம் சூப்பரா இருக்குங்க பெரியப்பா. ஆனா இப்ப எல்லாரும் ஏஐ-ல பண்ணி அனுப்புறாக. படத்த நம்பி எப்பிடி வெல பேசுறது?"

அப்பா அதை இரண்டு தடவை கேட்டார். நான் போனைப் பிடுங்கிச் சண்டை போடத் தயாரானேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு மைக்கை அழுத்தினார்.

"நேர்ல வா தம்பி. ஒரு கொலயத் தொட்டே பாத்துக்க."

மறுநாள் காலை அந்தத் தம்பி வந்தார். பழத்தைத் தொட்டார், விரலைத் தேய்த்துப் பார்த்தார், விலை பேசினார். அப்பா பக்கத்தில்தான் நின்றார், தட்டிவிடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கிளம்பிப் போனதும் ஓர வரிசைக் குலையில் இரண்டு விரல் தடம் கறுப்பாகத் தெரிந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டி நம்ப வைப்பது என்றுதான் தெரியவில்லை.