வண்டி வராத கடற்கரைச் சாலையில்

நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் குடியிருக்கிறேன். சென்ற கோடையில் என் அக்காவும் அத்தானும் ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். ஒருநாள் மாலை கடற்கரைக்குப் போக டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தான், "ஆட்டோ புடிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"எதுக்கு அத்தான்? பேசிக்கிட்டே நடந்தா பீச் வந்துடும்" என்றேன். சிரித்துக்கொண்டே கூட வந்தார்.

தெருத்தெருவாகக் காட்டிவிட்டுக் கடற்கரைச் சாலையின் நடுவே வந்தபோது அவர் பேச்சு நின்றுபோனது. நெஞ்சைப் பிடித்தபடி சுவரில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. மாலையில் அந்தச் சாலைக்குள் வண்டிகளை விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆட்டோக்காரரைப் போனில் கூப்பிட்டேன். அவர், "தடுப்பு போட்டுட்டாங்கக்கா, நீங்க வெளிய வந்துடுங்க" என்றார். அத்தானால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அக்கா அழுதாள். எங்களைக் கடந்து எத்தனையோ பேர் காற்று வாங்கியபடி நடந்தார்கள். நான் அத்தானின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்தில் சுண்டல் விற்ற அம்மாதான் ஓடிப்போய் போலீஸ்காரரிடம் சொன்னார். அவர் தடுப்பை நகர்த்தி ஆட்டோவை உள்ளே விட்டார். ஆஸ்பத்திரியில் அத்தான் பிழைத்துக்கொண்டார்.

"ஒரு மாசமாவே நடந்தா நெஞ்சு அடைக்குது. உங்க அக்காகிட்டகூட சொல்லல. நீ ஆசையா கூப்பிட்டே, எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார்.

நம் வீட்டுக்கு வந்தவர்கள் முடியாது என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனால் இப்போது யார் வந்தாலும் ஆட்டோவில்தான் கிளம்புகிறேன். எங்கே இறங்கி நடப்பது என்பதை அவர்கள் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன்.